எதோடு ஒப்பிடுகிறோம்? செயல்பாட்டு முடிவுகளைப் படமாகக் காட்டத் தொடங்குபவர்களுக்கு

“இந்த மாதம் வந்த புகார்களில் 75 சதவீதத்தை மூன்று நாளுக்குள் தீர்த்தோம்.” இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. போன மாதம் 60 என்றால் பாராட்டலாம். 80 என்றால் காரணம் கேட்கலாம். இலக்கு 90 என்றால் அது ஒரு கதை. அதே ஆள்பலம் உள்ள இன்னொரு பிரிவு 95 காட்டுகிறது என்றால் அது வேறு கதை. செயல்பாட்டு எண் தனியாக நின்றால் ஊமை. பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினால்தான் பேசும்.

சார்ட், அதாவது விளக்கப்படம், செய்வது அந்தப் பக்கத்தில் நிறுத்தும் வேலையைத்தான். ஆகவே “பட்டை போடலாமா, வட்டம் போடலாமா” என்று தொடங்குவது தலைகீழ். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடந்த காலத்தோடா? இலக்கோடா? மற்ற பிரிவுகளோடா? அல்லது இன்னொரு அளவோடு உள்ள தொடர்பையா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் படத்தின் வகை பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். நான்கையும் ஒரே படத்தில் திணிக்க முயல்வதால்தான் பல அறிக்கைகளில் யாருக்கும் புரியாத படங்கள் வருகின்றன.

ஒப்பிட எதுவுமே இல்லையென்றால் படம் வேண்டாம். எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டாலே போதும். “மே மாதத்தில் மூன்றாம் பிரிவின் எண் எவ்வளவு?” என்று வாசகர் தேடி எடுக்க வேண்டிய இடத்தில் அட்டவணையே மேல். அட்டவணை தேடுவதற்கு, படம் பார்ப்பதற்கு.

கண் எதை நன்றாக அளக்கும்?

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களிடம் பலவகைப் படங்களைக் காட்டி, இரண்டு மதிப்புகளின் விகிதத்தைக் கண்ணால் மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே அளவுகோலின் மீது இரண்டு புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்பதைக் கண் மிகத் துல்லியமாகச் சொல்கிறது. அதற்கு அடுத்தது நீளம். கோணம் அதைவிடக் கீழே. பரப்பளவு, கன அளவு, நிறத்தின் அடர்த்தி ஆகியவை அவர்கள் தந்த வரிசையில் இன்னும் கீழே இருக்கின்றன.

படம் வரைபவருக்கு வேண்டிய பாதி விதிகள் இதிலிருந்தே கிடைத்துவிடும். வட்ட விளக்கப்படம் கோணத்தையும் பரப்பளவையும் நம்பி நிற்கிறது. அதில் 26 சதவீதத் துண்டையும் 28 சதவீதத் துண்டையும் பார்த்து எது பெரியது என்று சொல்வது கடினம். அதே எண்களைப் பட்டைகளாக வரைந்தால் சட்டென்று தெரியும். முழுமையில் இரண்டு மூன்று பங்குகள் மட்டும் இருந்து, “பாதிக்கு மேல்” அல்லது “கால்வாசி” என்பதுதான் செய்தி என்றால் வட்டம் தாங்கும். ஏழெட்டுத் துண்டுகள் வந்துவிட்டால் அது வெறும் வண்ணச் சக்கரம்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகளிலும் சிக்கல் உண்டு. அடியில் இருக்கும் பகுதி மட்டுமே ஒரே அடிக்கோட்டில் நிற்கிறது. மேலே உள்ள பகுதிகள் ஒவ்வொரு பட்டையிலும் வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதால், அவை கூடியதா குறைந்ததா என்பதைக் கண் பிடிக்காது. அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அதை அடியில் வையுங்கள்.

முப்பரிமாணப் பட்டைகளுக்கு இரக்கமே வேண்டாம். ஆழம் என்ற அந்தப் பரிமாணம் எந்தத் தரவையும் சுமப்பதில்லை. பின்னால் நிற்கும் பட்டையை மறைப்பதும், உச்சி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று குழப்புவதும்தான் அது செய்யும் வேலை. உருவச் சின்னங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதும் இதே வகைத் தவறு. எண்ணிக்கை இரட்டிப்பானது என்று சொல்ல ஒரு மனித உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக்கினால், அகலமும் சேர்ந்து இரட்டிப்பாகிறது, பரப்பளவு நான்கு மடங்காகிறது. கண் நம்புவது பரப்பளவைத்தான். ஒரே அளவுள்ள இரண்டு உருவங்களைப் பக்கத்தில் வையுங்கள்.

பட்டை வரைந்தால் அச்சு சுழியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். ஒரு பிரிவு 75, இன்னொன்று 80 என்று வைத்துக்கொள்வோம். அச்சை 70-ல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் 5, இரண்டாவதன் உயரம் 10. உண்மையில் 80 என்பது 75-ஐவிட ஏறக்குறைய 6.7 சதவீதம்தான் அதிகம். படமோ இரண்டு மடங்கு என்கிறது. பட்டையின் நீளமே அதன் மதிப்பு என்பதால் அடியை வெட்டினால் மதிப்பையே வெட்டியதாகிறது. கோட்டு வரைபடத்துக்கும் புள்ளிப் படத்துக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் பார்ப்பது இடத்தை, நீளத்தை அல்ல. எக்செல் போன்ற மென்பொருள்கள் அச்சின் தொடக்கத்தைத் தாமாகவே தீர்மானிப்பதுண்டு, எனவே பட்டைப் படம் போட்டதும் முதல் வேலையாக அச்சு அமைப்பைத் திறந்து கீழ் எல்லை சுழியமா என்று பாருங்கள்.

காலத்தோடு ஒப்பிடும்போது

வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட வணிகப் புள்ளிவிவர நூலில், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை ஆண்டுவாரியாகக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு அவரிடம் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் இருந்தது. கோடு வரைய வழியில்லை. அதனால் 17 நாடுகளுடன் நடந்த வணிகத்தைப் பட்டைகளாகப் போட்டார். இன்று எங்கும் காணும் பட்டை விளக்கப்படத்தின் தொடக்கம், காலத் தரவு இல்லாத குறையைச் சமாளித்த ஒரு வழி! நம்மிடம் காலத் தரவு இருந்தும் பட்டை போடுவதை அவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை.

செயல்பாட்டு அறிக்கைகளில் மிக அதிகமாக வருவது காலத்தோடு செய்யும் ஒப்பீடு. மிக அதிகமாகத் தவறுவதும் இங்கேதான். வழக்கமான தவறு, இரண்டே புள்ளிகளை ஒப்பிடுவது: “போன மாதம் 80, இந்த மாதம் 75; ஐந்து புள்ளி சரிவு.” உடனே கூட்டம், விளக்கக் கடிதம், அவசர நடவடிக்கை. அடுத்த மாதம் 79. “நடவடிக்கை பலன் தந்தது.” இரண்டு முடிவுமே ஆதாரமற்றவையாக இருக்கலாம்.

ஒரு மாதிரித் தரவை எடுத்துக்கொள்வோம். மூன்று நாளுக்குள் தீர்த்த புகார்களின் சதவீதம், 12 மாதங்களுக்கு: 78, 81, 76, 80, 83, 77, 79, 82, 78, 80, 75, 79. இவற்றின் கூட்டுத்தொகை 948, சராசரி 79. பத்தாவது மாதத்தின் 80-ம் பதினோராவது மாதத்தின் 75-ம்தான் மேலே சொன்ன “சரிவு”. பன்னிரண்டையும் ஒரே கோட்டில் பார்த்தால் 79-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடும் ஒரு தொடர்தான் தெரிகிறது.

ஆட்டம் எவ்வளவு இருந்தால் இயல்பு, எதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது? இதைக் கண்ணால் முடிவு செய்யத் தேவையில்லை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷெவார்ட் 1924-ல் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற கருவியை முன்வைத்தார். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்தது அது. அதன் எளிய வடிவம் ஒன்று அலுவலக எண்களுக்கும் அப்படியே பொருந்தும்.

செய்முறை இதுதான். எக்செல் போன்ற விரிதாளில் முதல் நெடுவரிசையில் மாதம், இரண்டாவதில் மதிப்பு. மூன்றாவதில் ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் முந்தைய மாதத்துக்கும் உள்ள வித்தியாசம், குறி பார்க்காமல். நம் தரவில் அவை: 3, 5, 4, 3, 6, 2, 3, 4, 2, 5, 4. மொத்தம் 11 வித்தியாசங்கள், கூட்டினால் 41. சராசரி வித்தியாசம் 3.73. இதை 2.66 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9.9. சராசரியான 79-உடன் இதைக் கூட்டினால் மேல் எல்லை 88.9, கழித்தால் கீழ் எல்லை 69.1. சராசரி, மேல் எல்லை, கீழ் எல்லை ஆகிய மூன்றையும் தனி நெடுவரிசைகளில் எல்லா மாதங்களுக்கும் நிரப்பி, மதிப்போடு சேர்த்து நான்கு கோடுகளாக வரையுங்கள். மதிப்புக்கு மட்டும் அழுத்தமான நிறம். மற்ற மூன்றுக்கும் மெல்லிய சாம்பல்.

2.66 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். எல்லைகளைச் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத் தொலைவில் வைப்பது ஷெவார்ட்டின் முறை. அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் சராசரி வித்தியாசத்தை 1.128 ஆல் வகுத்தால் திட்ட விலக்கத்தின் மதிப்பீடு கிடைக்கும். 3-ஐ 1.128 ஆல் வகுத்தால் 2.66. விரிதாளில் இருக்கும் திட்ட விலக்கச் சார்பை நேரடியாகப் போட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தால், அந்த மாற்றத்தையும் சேர்த்து அளந்து எல்லைகளை அகலமாக்கிவிடும். எதைப் பிடிக்க வந்தோமோ அதுவே தப்பிவிடும்.

இப்போது படத்தைப் படிக்கலாம். எல்லாப் புள்ளிகளும் 69-க்கும் 89-க்கும் உள்ளே இருக்கின்றன. ஆக, பதினோராவது மாதத்தின் 75-க்குத் தனிக் காரணம் தேடுவது வீண் வேலை. வழக்கமான சின்னச்சின்னக் காரணங்கள் கலந்து தரும் ஆட்டம்தான் அது. ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால், அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால், அப்போது காரணம் தேடலாம். எட்டு என்பதற்குக் கணக்கு உண்டு: நாணயத்தை எட்டு முறை சுண்டி எட்டிலும் தலையே விழுவதற்கு 256-ல் ஒரு வாய்ப்புதான்.

இதே படம் இன்னொன்றையும் சொல்கிறது, அதுதான் மேலாளர்களுக்கு உறைக்கும். இலக்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் எல்லையோ 88.9. அதாவது இப்போது வேலை நடக்கும் முறையிலேயே தொடர்ந்தால் ஒரு நல்ல மாதத்தில்கூட 90-ஐத் தொடுவது அரிது. ஊழியர்களை இன்னும் வேகமாக ஓடச் சொல்வதால் இது மாறாது. முறையை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கோடு புதிய உயரத்தில் நின்றுவிட்டால், பழைய எல்லைகளை அங்கேயே நிறுத்திப் புதிய மாதங்களுக்குப் புதிய சராசரியும் எல்லைகளும் கணக்கிடுங்கள். படத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். முன்னேற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் குறைவு.

சில எச்சரிக்கைகள். கணக்கிட்ட மேல் எல்லை 100 சதவீதத்தைத் தாண்டினால் 100-லேயே நிறுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாவது இல்லாமல் எல்லைகளை நம்ப வேண்டாம். மாதத்துக்கு நான்கைந்து புகார்கள்தான் வருகின்றன என்றால் சதவீதமே பொருளற்றது. எண்ணிக்கையை வரையுங்கள் அல்லது காலாண்டாகச் சேர்த்துப் பாருங்கள். பருவத்தோடு ஏறி இறங்கும் வேலை என்றால் இந்த எல்லைகள் ஏமாற்றும். ஒவ்வொரு மாதத்தையும் போன ஆண்டின் அதே மாதத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும், அல்லது கடைசி 12 மாதங்களின் மொத்தத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

கோட்டு வரைபடத்தில் அடிக்கடி வரும் மற்ற விபத்துகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். முடியாத மாதத்தைக் கடைசிப் புள்ளியாகப் போட்டால் கோடு பாறையிலிருந்து விழுவதுபோல விழும். 12-ம் தேதி எடுத்த எண்ணை முழு மாதங்களோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் விட்டுவிட்டு வரும் கோடாக வரைந்து “மாதம் முடியவில்லை” என்று எழுதுங்கள். மொத்தமாகச் சேர்ந்துகொண்டே போகும் எண்ணிக்கை எப்போதும் ஏறத்தான் செய்யும். வேலை பாதியாகக் குறைந்திருந்தாலும் அந்தக் கோடு மேலேதான் போகும், சாய்வு மட்டும் குறையும். கெட்ட செய்தியை ஒளித்து வைக்க வசதியான இடம். இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் இன்னோர் அச்சு என்று இரண்டு அளவுகளை ஒரே படத்தில் போடுவதையும் தவிருங்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது நீங்கள் அச்சுகளை வைத்த விதத்தைப் பொறுத்தது. தரவுக்கும் அந்த வெட்டுப்புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சிறிய படங்கள், ஒரே கால அச்சோடு வரைந்தால் தீர்ந்தது.

படத்தின் வடிவமும் பேசும். அதே தரவை ஒடுக்கி உயரமாக வரைந்தால் பதற்றம். அகலமாகத் தட்டையாக வரைந்தால் நிம்மதி. கோட்டின் சாய்வுகள் ஏறத்தாழ 45 பாகைக்கு அருகில் இருந்தால் ஏற்ற இறக்கத்தைக் கண் நன்றாகப் பிரித்தறியும் என்பது கிளீவ்லேண்ட் தந்த யோசனை. நடைமுறையில், உயரத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலம் நல்ல தொடக்கம். ஒவ்வொரு மாத அறிக்கையிலும் அதே அளவையும் அதே அச்சு எல்லைகளையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இலக்கோடு ஒப்பிடும்போது

வேகமானி முள்போல ஒரு அரைவட்டம், சிவப்பு மஞ்சள் பச்சை, நடுவில் ஒரு முள். பல எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு மென்பொருள் விற்பவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். ஒரே ஓர் எண்ணைச் சொல்ல உள்ளங்கை அளவு இடம் எடுக்கிறது. அதே இடத்தில் ஐந்தாறு அளவுகளைக் காட்டலாம்: ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கிடைமட்டப் பட்டை, இலக்கு இருக்கும் இடத்தில் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு சிறு கோடு, பின்னணியில் “மோசம், பரவாயில்லை, நன்று” என்ற எல்லைகளைக் காட்டும் இரண்டு மூன்று சாம்பல் நிழல்கள். ஸ்டீபன் ஃபியூ வடிவமைத்த இந்தப் படத்துக்கு ஆங்கிலத்தில் புல்லட் கிராஃப் என்று பெயர். விரிதாளில் நேரடி வகையாக இது இல்லாமல் போகலாம். அகலமான சாம்பல் பட்டையின் மேல் குறுகிய பட்டையை ஏற்றிச் செய்துகொள்ளலாம்.

சிவப்பு பச்சை விளக்குகளை மட்டும் வைத்து அறிக்கை தருவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இலக்கு 90 என்றால் 89.9 சிவப்பு, 90.1 பச்சை, நடுவில் உள்ள 0.2 வித்தியாசம் தற்செயல் ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். அதே சமயம் 60-ம் சிவப்பு, 89-ம் சிவப்பு. விளக்கு வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் பக்கத்தில் எண்ணும், முடிந்தால் கடைசி 12 மாதங்களின் கட்டைவிரல் அளவுக் கோடும் இருக்கட்டும்.

பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது

கிடைமட்டப் பட்டை, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியது. பெயர்கள் நீளமாக இருந்தாலும் கிடைமட்டமாகவே படிக்கலாம், கழுத்தைச் சாய்க்க வேண்டாம். அகர வரிசையில் வைப்பது தேடுவதற்குத்தான் உதவும். யார் முன்னே, யார் பின்னே என்பது அதில் தெரியாது. மொத்தச் சராசரியை ஒரு செங்குத்துக் கோடாகப் போட்டுவிட்டால் ஒப்பீடு முழுமை பெறும்.

ஆனால் படம் சரியாக இருந்தும் ஒப்பீடு அநியாயமாக இருக்கலாம். ஒரு பிரிவுக்கு வந்தது 5 வழக்கு, இன்னொன்றுக்கு 500. ஐந்தில் ஒன்று தவறினால் 20 சதவீதப் புள்ளிகள் போய்விடும். ஐந்நூறில் ஒன்று தவறினால் 0.2. பட்டியலின் உச்சியிலும் அடியிலும் அடிக்கடி சின்னப் பிரிவுகளே மாறிமாறி வருவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையை அடைப்புக்குறியில் எழுதுங்கள்.

வேலையின் கலவையும் ஏமாற்றும். அ பிரிவுக்கு 90 எளிய வேலை, 10 கடின வேலை. எளியதில் 81-ஐயும் கடினமானதில் 5-ஐயும் நேரத்தில் முடித்தது: மொத்தம் 86 சதவீதம். ஆ பிரிவுக்கு 20 எளியது, 80 கடினம். எளியதில் 19, கடினத்தில் 48: மொத்தம் 67 சதவீதம். பட்டையில் அ வெகுதூரம் முன்னே நிற்கும். பிரித்துப் பாருங்கள். எளிய வேலையில் அ 90, ஆ 95. கடின வேலையில் அ 50, ஆ 60. இரண்டிலுமே ஆ முன்னே! புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எளியது, கடினம் என்று இரண்டு படங்களாகப் பிரித்துப் போட்டிருந்தால் ஆ பிரிவுக்கு அநியாயமாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்காது.

சராசரி மறைப்பதும் தேர்ந்தெடுப்பு மறைப்பதும்

“சராசரிக் காத்திருப்பு நேரம் 20 நிமிடம்.” நூறு பேரில் 80 பேர் 10 நிமிடமும் 20 பேர் 60 நிமிடமும் காத்திருந்தால் சராசரி சரியாக 20 வரும். 20 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை! இங்கே வேண்டியது நிகழ்வுச் செவ்வகப் படம்: நேரத்தைப் பத்துப் பத்து நிமிட இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று பட்டைகள். இரண்டு குன்றுகள் தெரிந்தால் இரண்டு விதமான கூட்டம் கலந்திருக்கிறது என்று பொருள். படத்துக்கு இடமில்லை என்றால் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு), “பத்தில் ஒன்பது பேர் இத்தனை நிமிடத்துக்குள்” என்ற எண்ணையும் கொடுங்கள்.

புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 இணைகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு 0.816. கணக்கில் நான்கும் இரட்டைப் பிள்ளைகள். வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்று ஒரே புள்ளி விலகி நிற்கும் நேர்கோடு, மற்றொன்று ஒரு தனிப் புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே செங்குத்து வரிசை. சுருக்க எண்ணைக் கணக்கிடுவதற்கு முன்பே சிதறல் படம் வரைந்துவிடும் பழக்கம் இதனால்தான் நல்லது.

வரையும்போது எதை விடுகிறோம் என்பதும் முக்கியம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏழு பேரோடு அழிந்தது. குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போனது காரணம். முந்தைய இரவே பொறியாளர்கள் குளிரைப் பற்றிக் கவலை எழுப்பியிருந்தார்கள். பிறகு விசாரணை ஆணையம் இரண்டு படங்களை அருகருகே வைத்தது. வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வரைந்தால் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்தபோது தெரிந்தது: 66 பாரன்ஹீட் பாகையும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு, 63 பாகையும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் பாதிப்பு. செயல்பாட்டு அறிக்கையிலும் இதே பள்ளம் உண்டு. தாமதமான வேலைகளை மட்டும் பட்டியலிட்டு “எல்லாம் வெள்ளிக்கிழமை வந்தவை” என்று காரணம் சொல்கிறோம். நேரத்தில் முடிந்த வேலைகளும் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை வந்தவையாக இருந்தால்?

எழுத்தும் நிறமும்

“மாதவாரிப் புகார் தீர்வு விகிதம்” என்பது தலைப்பு அல்ல, கோப்பின் பெயர். “தீர்வு விகிதம் ஓராண்டாக 79-ஐச் சுற்றியே நிற்கிறது, இலக்கு 90” என்று கண்டதைத் தலைப்பாக எழுதுங்கள். அளவு என்ன, அலகு என்ன, எந்தக் காலம் என்பது அதன் கீழே சிறிய எழுத்தில். இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் படத்தில் செய்தி இல்லை.

கோடுகளின் பெயர்களை ஓரத்தில் ஒரு பெட்டியில் வைக்காமல் கோட்டின் வலது முனையிலேயே எழுதினால் வாசகரின் கண் இங்கும் அங்கும் ஓடாது. பட்டையின் மேல் எண் எழுதியிருந்தால் அச்சு எண்களும் கட்டக்கோடுகளும் வேண்டாம். இரண்டில் ஒன்று போதும். தசமம் விஷயத்தில் சிக்கனமாக இருங்கள். 200 புகார்களுக்கு ஒரு புகாரே அரைச் சதவீதம், அங்கே 78.63 என்று எழுதுவது வெறும் பாவனை. 80-லிருந்து 75-க்கு இறங்கியதை “5 சதவீதம் குறைந்தது” என்று எழுதாதீர்கள். அது 5 சதவீதப் புள்ளி, சதவீதத்தில் சொன்னால் 6.25.

நிறத்தை அலங்காரமாக எண்ணாமல் சுட்டுவிரலாக எண்ணினால் பாதிச் சிக்கல் தீரும். எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிட்டு, பேச வேண்டிய ஒன்றுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. பெண்களில் இது மிகக் குறைவு. அதனால் சிவப்பு பச்சைக்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான இணை. இணையத்தில் வெளியிடுவதானால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள், பின்னணியோடு கேட்கும் குறைந்தபட்ச ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, படத்தின் முக்கியப் பகுதிகளுக்கு 3-க்கு 1. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையில் “கோட்டு வரைபடம்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், தலைப்பில் சொன்ன அதே கண்டுபிடிப்பையும் தொடக்க, இறுதி எண்களையும் எழுதுங்கள்.

அளவிடும் முறை நடுவில் மாறியிருந்தால், உதாரணமாக “மூன்று நாள்” என்பது “மூன்று வேலை நாள்” ஆகியிருந்தால், கோட்டை அந்த இடத்தில் உடையுங்கள். இணைத்து வரைந்தால் வரையறை மாறியது முன்னேற்றமாகத் தெரியும். உடைந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, மாறிய மாதம், என்ன மாறியது என்ற நான்கு சொற்கள்.

வெளியிடும் முன் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி அச்சிடுங்கள். அந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் அதை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் தலைப்போடு ஒத்துப்போனால் அனுப்பலாம். நிறங்களைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற முதல் கேள்விக்குத் திரும்பி, இன்னொரு முறை வரையுங்கள்.